ஃபின்லே வாஸ் முடிக்காமல் விட்ட அடி

என் தாயின் தமையனாரான ஃபின்லே வாஸ், 1928-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராம் நாள், குரோமார்ட்டி கடற்கழியின் வடகரையிலுள்ள பால்வனாக்கில் பிறந்தார். 2013-ஆம் ஆண்டு நவம்பரில் அதே தெருவில், பிறந்த வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி மறைந்தார். அப்போது வட்டாரச் செய்தித்தாள் வெளியிட்ட குறிப்பில் இரண்டு பிழைகள் உள்ளன. எண்ணெய்த் தொட்டிக்குள் சிக்கிய ஆறு பேரை அவர் காப்பாற்றினார் என்று அது கூறுகிறது. அவர் காப்பாற்றியது ஐந்து பேரை, ஆறாமவர் அவரே. பாடிக் காப்பாற்றினார் என்பது இரண்டாவது பிழை. அவர் பாடியது உண்மைதான். ஆயினும் முதல் முறை அவர் பாடியதாலேயே அந்த ஐவரும் இறந்துபோக இருந்தார்கள்.

அந்த ஐவரில் ஒருவர் என் தந்தை ஹெக்டர் ஸ்கின்னர். நான் பிறந்தது அந்தச் சம்பவத்துக்கு அடுத்த ஏப்ரலில். ஆகவே இதைத் திருத்தி எழுதிவைக்கும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது என்று கருதுகிறேன். தொட்டிக் காவலறையின் நாட்குறிப்பு, என் பெற்றோர் சொன்னவை, ஐவரில் இன்னொருவரான லாக்லன் டாலஸ் 1996-இல் ஒலிநாடாவில் பதியச் சம்மதித்த பேச்சு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே இதை எழுதுகிறேன். மாமாவே இதைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறை, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே, பத்து நிமிடம் பேசியிருக்கிறார்.

பால்வனாக்கில் அக்காலத்தில் ஃபின்லே வாஸ் என்ற பெயருடையோர் நால்வர். பட்டப்பெயர் இல்லாமல் எவரையும் குறிப்பிட முடியாது. தபால் ஃபின்லே, பூட்ஸ் ஃபின்லே, பன்றி ஃபின்லே என மூவர் இருந்தனர். நான்காமவரான மாமாவுக்கு 'இழுவை' என்று பெயர் வந்தது. அது தேவாலயத்தில் வந்த பெயர்.

எங்கள் சபையில் இசைக்கருவி கிடையாது. முன்பாடகர் ஒருவர் பிரசங்க மேடையின் கீழ் எழுந்து நின்று, எங்கள் பக்கத்துக் கேலிக் மொழியில், விவிலியச் சங்கீதப் பாடலின் அடியைத் தனியாக எடுத்துக்கொடுப்பார். அவர் எடுத்துக்கொடுக்கும்போது சபையார் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர் கடைசிச் சொல்லைத் தொட்டவுடன் அனைவரும் சேர்ந்து அதே அடியைத் திரும்பப் பாடுவார்கள். இதை யாரும் யாருக்கும் கற்பிப்பதில்லை. தாயின் மடியிலிருக்கும் குழந்தைகூட முன்பாடகர் குரல் எழுந்ததும் அடங்கிவிடும்.

மாமா இருபத்தெட்டு வயதில் முன்பாடகரானார். ஒவ்வோர் அடியையும் கயிறு திரிப்பதுபோல் இழுத்து இழுத்துப் பாடுவார். சபையிலிருந்து வெளியே வரும்போது பன்றி ஃபின்லே எல்லோர் காதிலும் விழும்படி சொல்வாராம்:

"சனிக்கிழம வெச்ச சூப்பு, இவன் பாடி முடிக்கறதுக்குள்ள புளிச்சிடும்."

"புளிச்சா உன் பன்னிக்கு ஊத்து," என்பார் மாமா. "அதுவாவது நான் பாடறப்ப தூங்கறதில்ல."

வாரத்தின் மற்ற நாள்களில் அவருக்கு டோர்வன் மலைக்குள் வேலை. போர்க்கப்பல்களுக்கான எண்ணெயைக் குண்டுவீச்சுக்கு எட்டாமல் வைப்பதற்காக மலையைக் குடைந்து கட்டிய ஆறு தொட்டிகள் அங்கே இருக்கின்றன. ஊரில் அந்த இடத்துக்கே 'தொட்டி' என்றுதான் பெயர். ஒவ்வொன்றும் இருநூற்றைம்பது கஜ நீளம்; வளைந்த கூரை; தேவாலயக் கோபுரத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தியே உள்ளே வைத்துவிடலாம் எனும் உயரம். இவ்வளவு பெரிய இடத்துக்குக் கதவு கிடையாது. எட்டடிக் கனமுள்ள கான்கிரீட் சுவரில் பதித்த, ஒன்றரை அடி அகலமுள்ள இரும்புக் குழாய்தான் வழி. உருளை வைத்த பலகையில் மல்லாந்து படுத்தால் வெளியே நிற்பவர் ரொட்டியை அடுப்புக்குள் தள்ளுவதுபோல் உள்ளே தள்ளுவார்.

மாமா 1949-இல் சேர்ந்தார். குழாயை மரக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டி, சுவரில் காதை வைத்து, தொட்டியில் எத்தனை அடி எண்ணெய் நிற்கிறதென்று சொல்லிவிடுவார். அளவுகோல் போட்டுப் பார்த்தவர்கள் அரையடிக்குமேல் வித்தியாசம் கண்டதில்லை.

எண்ணெய் இறைத்தபின் தொட்டிக்குள் ஓர் ஓசை எழுந்தால் அது லேசில் அடங்காது. ஒரு சொல் சொன்னால் ஒன்றரை நிமிடத்துக்குமேல் அது சுவருக்குச் சுவர் உருண்டுகொண்டே இருக்கும். அடுத்த சொல் அதன்மேல் ஏறும். மூன்றாவது சொல்லுக்கு எல்லாம் கூழாகிவிடும். ஆகவே உள்ளே வேலை செய்பவர்கள் கையசைவாலேயே பேசிக்கொண்டார்கள். லாக்லன் டாலஸ் மட்டும் விதிவிலக்கு. சேற்றில் வழுக்கும்போதெல்லாம் அவர் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும். அது அடங்கும்வரை மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைகட்டி நிற்பார்கள்.

தொட்டிகள் கைவிடப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப்பின், 2012-இல், ஒலியை அளப்பவர்கள் கருவிகளோடு வந்தார்கள். உலகில் வேறெங்கும் இவ்வளவு நேரம் ஓசை நீடித்துத் தாங்கள் கேட்டதில்லை என்று அவர்கள் வியந்தபோது மாமாவுக்கு எண்பத்து நான்கு வயது.

"இத்தன பெட்டி எதுக்குத் தம்பி?" என்றார். "நம்ம லாக்லனக் கூட்டியாந்து ஒரு தும்மல் போடச் சொன்னா கணக்கு வந்துடுமே."

நான் எழுதவந்தது 1971-ஆம் ஆண்டு ஜூன் பதினேழாம் நாள், வியாழக்கிழமை, முற்பகலைப் பற்றி.

அன்று நான்காம் தொட்டியில் கசடு வாரும் வேலை. எண்ணெய் போனபின் அடியில் தங்கும் கருஞ்சேற்றை நீண்ட மரப்பிடி கொண்ட ரப்பர் வாரிகளால் குழாய்ப் பக்கமுள்ள குழிக்குத் தள்ளிக்கொண்டுவர வேண்டும். கிளறக் கிளற அதிலிருந்து ஆவி எழும். அது காற்றைவிடக் கனமானது; தரையோடு தங்கும்; மூச்சில் ஏறினால் முதலில் தலைசுற்றும், பிறகு கால் மடங்கும். அதனால் வேலை நடக்கும்போது மின்விசிறி ஒன்று இன்னொரு குழாய் வழியாகத் தூய காற்றை இடைவிடாமல் செலுத்தும். விசிறி நின்றால் கால்மணி நேரத்துக்குள் வெளியேறிவிட வேண்டும் என்பது எழுதி ஒட்டிய விதி.

உள்ளே ஆறு பேர். மேஸ்திரியான மாமா குழாய்ப் பக்கம் குழியருகே நின்றார். என் தந்தையும் லாக்லனும் மற்ற மூவரும் மறுகோடியில், ஏறக்குறைய இருநூறு கஜத்துக்கு அப்பால் இருந்தனர். நடுவில் இரண்டடி அகலத்துக்குத் துடைத்த பாதை. அதன் இருபுறமும் முழங்கால் ஆழம், சுவரோரம் தொடை ஆழம் சேறு. பாதையை விட்டுக் கால் வைத்து இருட்டில் விழுந்தால் முகம் விழும் இடம் ஆவி கிடக்கும் இடம்.

பத்து நாற்பதுக்கு விளக்குகள் அணைந்தன. அதே நொடியில் விசிறியும் நின்றது.

வெளியே குழாயருகே நிற்கவேண்டியவர், கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு, என்ன ஆயிற்றென்று பார்க்கச் சுரங்கவழியே மின்னறைக்கு ஓடினார். அங்கேயே நின்று விளக்கைக் குழாய்க்குள் காட்டியிருக்க வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியும். அவருடைய பிள்ளைகள் இவ்வூரில் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் ஓடினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உள்ளே யாரோ "விளக்கு" என்று கத்தினார். அந்தக் கத்தல் அடங்குமுன் இன்னொருவர் கத்தினார். லாக்லனின் வார்த்தைகளில்:

"அஞ்சு பேரு கத்தறோம், அம்பது பேரு கத்தறாப்புல கேக்குது. அதுல எது என் கொரல்னு எனக்கே புரியல. ஹெக்டரு பக்கத்துல இருக்கானா, கூரைல தொங்கறானா, ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம் குழாயின்னு கேட்டா நாலு பக்கமும் கைய நீட்டியிருப்பேன்."

என் தந்தை குழாயை நோக்கி நடப்பதாக எண்ணிப் பதினொரு அடி வைத்தார். கையில் தட்டுப்பட்டது மறுகோடிச் சுவர்.

மாமா முதலில் "பேசாதீங்க" என்று கூவினார். அதுவும் இரைச்சலோடு சேர்ந்தது. பிறகு வாரியின் மரப்பிடியால் குழாயின் இரும்பு விளிம்பை அடித்தார். தட்டல்தான் வழி என்று அவருக்குத் தெரியும். மனிதக் குரல் எழுந்த சிறிது நேரத்தில் எல்லாத் திசையிலிருந்தும் வரும். ஆனால் ஒரே ஒரு கூர்மையான தட்டல், சுவர்கள் அதைப் பிடித்துக்கொள்வதற்குமுன், அது எழுந்த இடத்திலிருந்து ஒரு கணம் நேராகக் காதுக்கு வரும். இருபத்திரண்டு ஆண்டு தட்டிக் கேட்டவர் கண்டறிந்தது அது. ஆனால் அந்த ஒரு கணத்தைக் கேட்கத் தொட்டி முழுதும் மௌனமாக இருக்க வேண்டும். பயத்தில் கத்தும் ஐந்து பேரை இருநூறு கஜத்துக்கு அப்பாலிருந்து எப்படி அடக்குவது?

அவர் அடி எடுத்துக்கொடுத்தார்.

அடித்தொண்டையில், இழுத்து, ஞாயிறுதோறும் தொடங்கும் அதே சுருதியில். சொற்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது, மெட்டு சேர்ந்தது. ஒருவர் பின் ஒருவராக ஐவரும் வாயை மூடினார்கள். முடிவெடுத்து மூடவில்லை என்று என் தந்தை சொல்வார், தானாக மூடிக்கொண்டதாம்.

இங்கேதான் மாமா பிழை செய்தார். பதினைந்து ஆண்டுப் பழக்கம் அவரை அடியின் கடைசிச் சொல்வரை கொண்டுபோய்விட்டது. அவர் அதைத் தொட்டதும், அதைவிடப் பழைய பழக்கத்தில் வளர்ந்த ஐவரும் அந்த இருட்டில், அந்தச் சேற்றில் நின்றபடி, முழுத் தொண்டையோடு திருப்பிப் பாடினார்கள்.

"மூச்சு விடக் காத்து இல்ல," என்றார் லாக்லன். "நாங்க பாட்டுக்கு சுரம் இழுத்துக்கிட்டு நிக்கறோம். அந்த எடத்துல அந்தப் பாட்டு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? ஆயிரம் பேரு சபை. செத்து மேல போயிட்டோம்னே நெனச்சேன். அப்பறம் பூட்ஸுக்குள்ள சேறு எறங்குச்சு. மேல சேறு இருக்காதேன்னு யோசிச்சேன்."

அந்தப் பாட்டு அடங்க இரண்டு நிமிடம் போயிற்று. கால்மணி நேரத்தில் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றிப் பேசும்போதுதான் மாமா உருளைக்கிழங்கைக் கீழே வைத்தார்.

"என் புத்திய நானே செருப்பால அடிச்சிருப்பேன்," என்றார். "எடுத்துக் குடுத்தா திருப்பிப் பாடுவானுங்கன்னு தெரியாதா? வேற என்ன செய்வானுங்க, அவனுங்க? ஒழுங்கா வளந்த பசங்க."

அவர் இரண்டாவது அடியைத் தொடங்கினார். ஐவரும் மீண்டும் அடங்கினார்கள். சொல் சொல்லாக இழுத்துக்கொண்டு போனார். கடைசிச் சொல்லுக்கு முந்திய சொல்லில் நிறுத்தினார்.

அடி முடியவில்லை. முடியாத அடிக்குச் சபை வாய் திறக்காது.

அவருடைய குரல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. யாரும் பேசவில்லை. என் தந்தை சொல்வார்: "வாயத் தொறந்து வெச்சிக்கிட்டு நின்னேன்மா, அந்த ஒரு வார்த்தைக்கு. வரும் வரும்னு பாத்தா வரல. அப்பத்தான் கேட்டுச்சு, டொக்குன்னு. நான் முகத்தக் காட்டிக்கிட்டு நின்ன பக்கத்துக்கு நேர் முதுகுப் பக்கம்."

ஐவரும் திரும்பினார்கள்.

மாமா அந்தத் தட்டல் தேயும்வரை காத்திருந்து மீண்டும் தட்டினார். அவர்கள் பாதையைக் காலால் தடவியபடி நடந்தார்கள். எத்தனை தட்டல் என்பதில் என் தந்தையும் லாக்லனும் இறுதிவரை ஒத்துப்போகவில்லை. ஒருவர் பதினான்கு என்பார், மற்றவர் ஒன்பது என்பார். எது சரியென்று நான் எழுதப்போவதில்லை.

பாதி வழியில் லாக்லனின் கால் மடங்கியது. அவர் பாதையிலேயே உட்கார்ந்தார்; ஆவி நிற்கும் உயரத்துக்கு அவர் முகம் இறங்கியது. பின்னால் வந்த என் தந்தையின் முழங்கால் அவர்மேல் இடித்தது. குனிந்து தடவிப் பார்த்ததும் கூவவேண்டும் என்றுதான் தோன்றியது. கூவினால் அடுத்த தட்டல் யார் காதிலும் விழாது. முன்னால் போகும் மூவரும் நின்றுவிடுவார்கள். என் தந்தை பெரிய உடல்காரர் அல்லர். ஒரு சொல்லும் பேசாமல் லாக்லனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார்.

முன்னே போன மூவரும் குழாய்க்கு வந்தார்கள். மாமா தட்டுவதை நிறுத்தாமலே ஒவ்வொருவரையும் இடக்கையால் தடவிக் குழாய்க்குள் தள்ளினார். வெளியே விழுந்த முதல் ஆள் அடுத்தவர்களைத் தோளைப் பற்றி இழுத்தார். மூன்று ஆயிற்று. மாமா மீண்டும் தட்டினார். மீண்டும் காத்திருந்தார். அவருக்கு அங்கிருந்து எட்டடியில் வெளிக்காற்று. மூவரை வெளியேற்றியவர் நான்காமவராகப் போயிருந்தால் எவரும் ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இறுதியில் ஒரு கை அவர் மார்பில் பட்டது.

"மாப்ள?" மூச்சளவே குரல்.

"ஆமா மச்சான்."

"மத்தவன் எங்க?"

"முதுகுல. கனக்கறான். காலைல என்னத்தத் தின்னான்னு தெரியல."

"மொதல்ல அவனத் தள்ளு. அப்பறம் நீ."

"நீ போ மச்சான், நான் தள்ளி வுட்டுட்டு வரேன்."

"மேஸ்திரி நானா, நீயா? ஹியூகினாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஏறு."

ஹியூகினா என் தாயார். அப்போது மணமாகி இரண்டாண்டு. என் தந்தை ஏறினார்.

மாமா கடைசியாக வந்தார். அவரைத் தள்ள உள்ளே ஆளில்லை. முழங்கையை ஊன்றி, எட்டடி தூரமும் தானே ஊர்ந்து வந்தார். சுரங்கத் தரையில் குப்புறக் கிடந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்த லாக்லன் தலையைத் தூக்கி, "அண்ணே, அந்த அடிய முடிச்சுத் தொலையேன், நெஞ்சுல நிக்குது," என்றார். மாமா வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. பத்தொன்பது நிமிடம் ஆவியை மூச்சில் இழுத்த தொண்டை வெந்துபோயிருந்தது.

அன்றைய நாட்குறிப்பு அவர் கையெழுத்தில் இருக்கிறது. நான் எழுத்துப் பிசகாமல் படியெடுத்திருக்கிறேன்: "10.40 மின்சாரம் நின்றது. 10.59 ஆறு பேரும் வெளியே. ரப்பர் வாரி ஒன்றின் பிடி முறிந்தது. வேறு வேண்டும்." அவ்வளவே. குழாய் விளிம்பில் அடித்து அடித்து அந்தப் பிடி முறிந்தது என்பதை அங்கே எழுத அவருக்குத் தோன்றவில்லை.

நான்கு வாரம் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்றார் மருத்துவர். மீறினால் குரல் திரும்பாது என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என் தாயார் அவரைத் தடுத்துப் பார்த்தார்.

"அண்ணே, வீட்ல படு. வேற யாராவது எடுத்துக் குடுக்கட்டும்."

மாமா கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பாட முடியாவிட்டாலும் தன் இடத்தில் இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கலாம். வேறு முன்பாடகரைப் போதகர் ஏற்பாடு செய்திருப்பார் என்று அவர் எண்ணினார். மாமாவே ஒருவரை அழைத்துவருவார் என்று போதகர் எண்ணினார். எங்கள் ஊரில் இத்தகைய காரியங்களை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை.

போதகர் சங்கீதத்தை அறிவித்து உட்கார்ந்தார். மாமா வழக்கப்படி எழுந்து நின்றார். எழுந்தபிறகே நிலைமை அவருக்குப் புரிந்தது. இருநூறு பேர் அவரைப் பார்த்தார்கள். மருத்துவர் மூன்றாம் வரிசையில் இருந்தார். அவர் தலையை அசைத்து எச்சரித்ததை என் தாயார் பார்த்தார். மாமாவின் கழுத்து நரம்பு புடைப்பதையும் பார்த்தார். அவர் பாடத்தான் போகிறார் என்று தெரிந்தது.

என் தந்தை எழுந்தார்.

அவருக்குப் பாட வராது. இதை மகளாகிய நான் எழுதலாம். முப்பதாண்டு அவர் அருகில் அமர்ந்து பாடியவர்கள் தங்கள் சுருதியைக் காப்பாற்றிக்கொள்ளச் சற்று நகர்ந்தே உட்கார்ந்தார்கள். அவர் நடுவழியில் நடந்து மேடையின் கீழே போய், மாமாவின் பக்கத்தில் நின்று, அடி எடுத்துக்கொடுத்தார். ஒரு மெட்டில் தொடங்கினார். பாதியில் அது வேறொரு மெட்டாயிற்று. கடைசிச் சொல் இரண்டிலும் சேராத ஓரிடத்தில் போய் விழுந்தது.

முன்பாடகர் எங்கே போகிறாரோ அங்கே சபை போகவேண்டும். அவர் தடம் மாறினால் திருத்துவது முறையன்று. கூடவே தடம் மாறுவதே முறை. பன்றி ஃபின்லேயின் கட்டைக்குரல் முதலில் எழுந்தது. அதன்பின் இருநூறு பேரும், என் தந்தை தொடங்கிய இடத்தில் தொடங்கி, அவர் வழுக்கிய இடத்தில் வழுக்கி, அவர் விழுந்த இடத்தில் விழுந்து, அந்த அடியைப் பிசகின்றித் திருப்பிப் பாடினார்கள். சபையில் சிரித்தவர் ஒருவர்கூட இல்லை என்று என் தாயார் உறுதியாகச் சொல்வார். லாக்லன் அழுதார் என்றும் சொல்வார்; லாக்லன் அதை மறுப்பார்.

மாமா உட்கார்ந்தார். முன்பாடகரின் இருக்கை ஒற்றை ஆளுக்காகச் செய்தது. அவர் ஓரமாக நகர்ந்து, கையால் பலகையைத் துடைத்து, என் தந்தைக்கு இடம் விட்டார். ஜூலை பதினொன்று வரை நான்கு ஞாயிறுகளிலும் அதில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள் என்று சபையின் பதிவேட்டில் இருக்கிறது.